பழைய ரெஸ்லிங் போட்டிகளை மறுபடி பார்ப்பதில் என்ன இருக்கிறது?

வாசகர் ஒருவரின் கேள்வி:

யார் ஜெயிப்பார் என்று முன்பே பேசி வைத்துவிட்டுத்தான் ரிங்குக்குள் வருகிறார்கள். முதல் தடவையாவது நமக்கு முடிவு தெரியாது, ஒரு பரபரப்பு இருக்கும். இத்தனை வருடம் கழித்து, முடிவும் தெரிந்து, எல்லாம் பேசி வைத்தது என்றும் தெரிந்து, அதையே மறுபடி உட்கார்ந்து பார்ப்பதில் என்ன இருக்கிறது? பிரெட் ஹார்ட் - ஆஸ்டின் போட்டியை ஆகா ஓகோ என்கிறார்கள். போன வாரம் பார்த்தேன். இரண்டு பேர் கூட்டத்துக்குள் போய் அடித்துக்கொள்கிறார்கள், ஒருவருக்கு ரத்தம் கொட்டுகிறது, மயங்கிவிடுகிறார். அவ்வளவுதான்.

ஜூன் 2

அவ்வளவுதான் இல்லை. நீங்கள் பார்த்தது 1997 மார்ச் 23, வருடத்தின் மிகப் பெரிய நிகழ்ச்சியான ரெசில்மேனியாவின் 13ஆவது பதிப்பு. அந்த ஒரு போட்டியை மட்டும் தனியாகப் பிடுங்கி எடுத்துப் பார்த்திருக்கிறீர்கள், சிக்கல் அங்கேதான். அதற்கு முந்தைய ஒரு வருடத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1996 ரெசில்மேனியாவில் ஷான் மைக்கேல்ஸிடம் ஒரு மணி நேரத்துக்கு மேல் போராடி சாம்பியன் பெல்ட்டை இழந்தபின் பிரெட் பல மாதம் காணாமல் போனார். திரும்பி வந்தால் ஆட்களின் ரசனையே மாறிக் கிடக்கிறது. 1997 ராயல் ரம்பிளில், கயிறுக்கு மேலே தூக்கி வெளியே போட்டால் ஆள் அவுட் என்ற போட்டியில், ஆஸ்டினை அப்படி வெளியே போட்டதே பிரெட்தான். நடுவர்கள் பார்க்கவில்லை. ஆஸ்டின் சத்தமில்லாமல் உள்ளே வந்து பிரெட்டையே வெளியேற்றி ஜெயித்துவிட்டார். பிப்ரவரியில் பிரெட்டுக்குப் பெல்ட் கிடைத்தது, மறுநாளே ஆஸ்டின் தலையிட்டதால் சிட் என்ற வீரரிடம் போனது. ரெசில்மேனியாவுக்கு ஆறு நாள் முன்பு கூண்டுப் போட்டியிலும் தோல்வி, அதற்கு அப்புறம்தான் நிறுவன முதலாளி வின்ஸ் மெக்மேனைத் தள்ளிவிட்டு நேரலையில் கெட்ட வார்த்தையாகக் கொட்டினார்.

இவ்வளவும் மனத்தில் இருந்தால் பிரெட் அன்று நடந்து வரும்போதே வேறு ஆளாகத் தெரிவார். அடிகளில் ஒரு வெறி இருக்கிறது. ஆஸ்டினின் முழங்காலை மட்டும் குறிவைத்து அடித்துக்கொண்டே இருக்கிறார். நல்லவன் நாற்காலியைத் தூக்கி எதிராளியின் கணுக்காலில் மாட்டி உடைக்கப் பார்ப்பானா? பார்க்கிறார். ஆஸ்டின் ஒயரை எடுத்துக் கழுத்தை நெரிக்கும்போது மணியை எடுத்து மண்டையில் அடித்துத் தப்பிக்கிறார். அப்புறம் ஷார்ப்ஷூட்டர், கால்களை முறுக்கி எதிராளியை விட்டுக்கொடுக்க வைக்கிற பிரெட்டின் பிடி. அந்தப் பிடியில் ஆஸ்டின் கைகளை ஊன்றி எழும்போது நெற்றியிலிருந்து பற்கள் வரை ரத்தம். ஒரு கணம் பிடியை உடைத்துவிட்டது போலவே இருக்கும், பிரெட் தடுமாறி மறுபடி உட்கார்ந்துவிடுவார். ஆஸ்டின் விட்டுக்கொடுக்கவே இல்லை, அப்படியே நினைவு தப்பிப் போகிறார், நடுவர் கென் ஷாம்ராக் போட்டியை நிறுத்துகிறார்.

இப்போது கூட்டத்தைக் கவனியுங்கள். உள்ளே வரும்போது கைதட்டு வாங்கியவர் பிரெட். மயங்கிக் கிடக்கிறவனை அவர் மறுபடி மிதிக்கிறார், ஷாம்ராக் இடுப்பைப் பிடித்துத் தூக்கி எறிய வேண்டியிருக்கிறது. வெளியே போகும்போது வசவு. ஆஸ்டினோ, தனக்குக் கைத்தாங்கல் கொடுக்க வந்த வேறொரு நடுவருக்கே தன் வழக்கமான ஸ்டன்னர் அடியைப் போட்டுவிட்டு, நொண்டிக்கொண்டு, தனியாக நடந்து போகிறார். அரங்கமே அவர் பெயரைக் கத்துகிறது. இருபது சொச்ச நிமிடத்தில் நல்லவன் வில்லனாகி, வில்லன் நல்லவனாகிவிட்டான். ஜெயித்தவருக்கு வசவு, தோற்றவருக்கு ஊர்வலம். யார் ஜெயிப்பார் என்ற கேள்வியை விட்டுவிட்டுப் பார்த்தால்தான் இது கண்ணில் படும், முதல் தடவை எனக்கும் படவில்லை.

ஜூன் 2, இரவு

இதையும் சொல்லிவிடுகிறேன். சிறு வயதில் இதைப் பார்த்தபோது ஆஸ்டின் கடைசியில் "விட்டுடு" என்று சொன்னதாகவே பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். காரணம் என் அண்ணன். அவன் பிரெட் கட்சி, நான் ஆஸ்டின் கட்சி. "உன் ஆள் வாயைத் திறந்து சொன்னான், நான் என் காதால் கேட்டேன்" என்று சத்தியம் பண்ணுவான். மூத்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஏற்றுக்கொண்டு உள்ளுக்குள் குமுறிக்கொண்டிருந்தேன். இன்று அந்தக் கடைசி இரண்டு நிமிடத்தை நாலு தடவை பார்த்தேன். சொல்லவில்லை. எங்கேயும் சொல்லவில்லை.

ஜூன் 4

இரண்டு நாளாக உறுத்துகிறது. மேலே நான் எழுதியது ஆஸ்டின் கட்சிக்காரன் எழுதியது. பிரெட் அந்த மூன்று மாதம் புலம்பியதை வரிசையாக மறுபடி கேட்டேன். அப்போது அது சிணுங்கலாகப் பட்டது. இப்போது ஒன்று கூட பொய் இல்லை என்று படுகிறது. ரம்பிளில் அவரை ஏமாற்றினார்கள், உண்மை. பெல்ட் அவரிடமிருந்து தலையீட்டால் போனது, உண்மை. விதியை மதிக்காதவனுக்குக் கைதட்டுகிறீர்களே என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார், அதுவும் உண்மை. எல்லாம் சரியாகச் சொன்ன ஒருவர் சொல்லச் சொல்ல எல்லாருக்கும் பிடிக்காமல் போகிறார். நியாயம் தன் பக்கம் இருக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறவரை நமக்கு ஏன் பிடிப்பதில்லை? இப்படி ஒரு வில்லனை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை.

அதே வருடம் ஜூலை 6 கேல்கரியில் நடந்த கனேடியன் ஸ்டாம்பீடையும் பாருங்கள். அமெரிக்கா முழுக்க வசவு வாங்கிய ஹார்ட் குடும்பத்துக்குச் சொந்த ஊரில் கிடைத்த வரவேற்பில் ஒலிவாங்கியே நடுங்குவது போல இருக்கிறது. அங்கே ஆஸ்டின்தான் வில்லன். ஒரே ஆட்கள், ஒரே குணம், எல்லை தாண்டினால் கதை தலைகீழ்.

இன்னொன்று, இவர்கள் இருவரின் முதல் பெரிய மோதல் 1996 சர்வைவர் சீரீஸ், மேடிசன் ஸ்கொயர் கார்டன். எனக்கு ரெசில்மேனியா 13ஐ விட இதுதான் இப்போது பிடித்திருக்கிறது என்று சொன்னால் அடிக்க வருவீர்கள். ஆஸ்டின் பின்னாலிருந்து கழுத்துப் பிடி போட, பிரெட் மூலைக் கம்பத்தில் கால் வைத்து உந்தி அப்படியே பின்னால் உருண்டு ஆஸ்டினின் தோள்களைத் தரையில் சேர்த்துவிடுவார், நடுவர் மூன்று எண்ணும் வரை தோள் தரையில் இருந்தால் தோல்வி. ஆஸ்டின் பிடியை விடாமல் இருந்ததாலேயே தோற்கிறார். பிரெட் அந்த இடத்தில் யோசித்துக் கண்டுபிடித்த தப்பிப்பு அது, என்ன மூளை.

ஜூன் 5

முந்தைய குறிப்பின் கடைசி வரி தவறு. அந்த இடத்தில் கண்டுபிடித்தது இல்லை. நேற்று இரவு தூக்கம் வராமல் 1992 ரெசில்மேனியா 8, பிரெட் - ரோடி பைப்பர் போட்டியைப் போட்டேன். பைப்பர் மணியைத் தூக்கி அடிக்கப் போய், கூட்டத்தைப் பார்த்து, மனசு கேட்காமல் கீழே போடுகிற அந்த இடத்துக்காகத்தான் போட்டேன். அப்புறம் பைப்பர் கழுத்துப் பிடி போடுகிறார், பிரெட் மூலைக் கம்பத்தில் கால் வைக்கிறார், உந்துகிறார், பின்னால் உருள்கிறார், ஒன்று இரண்டு மூன்று. அதேதான்! நாலரை வருடத்துக்கு முன்பே செய்த வேலை. நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

இதனால் 1996 போட்டி எனக்கு இன்னும் பெரிதாகிவிட்டது. வாயாடி ஆஸ்டின் எல்லாம் தெரிந்தவன் போலப் பேசிவிட்டு, பிரெட்டின் பழைய போட்டிகளைப் பார்க்காமல் வந்திருக்கிறான் என்று ஆகிறது. எழுதியவர்கள் நினைத்தார்களோ இல்லையோ, நான் அப்படித்தான் பார்க்கப் போகிறேன். மறுபடி பார்ப்பதில் என்ன இருக்கிறது என்றீர்களே, இது இருக்கிறது.

ஜூன் 8

"கூட்டம் மாறியதும் திட்டம்தானே" என்று கேட்டீர்கள். 1997இல் திட்டம்தான். ஆனால் திட்டம் போட்டால் கூட்டம் கேட்டுவிடாது. 2002 மார்ச் 17, டொராண்டோ ஸ்கைடோம், ராக் - ஹல்க் ஹோகன். காகிதத்தில் ராக் நல்லவர், ஹோகன் வில்லன் கும்பலின் ஆள், சில வாரத்துக்கு முன்புதான் ராக் இருந்த ஆம்புலன்ஸை லாரியால் இடித்தார். 68,000 பேர் உட்கார்ந்துகொண்டு இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது என்று ஹோகனுக்குக் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். முதல் தள்ளலிலேயே ராக் கீழே விழ அரங்கம் வெடிக்கிறது. இரண்டு பேரும் நின்று இடப்பக்கம் பார்க்கிறார்கள், வலப்பக்கம் பார்க்கிறார்கள். அந்தப் பார்வையில் ஒப்பனை எதுவும் இல்லை, நடப்பதைக் காதில் வாங்கி அங்கேயே ஆட்டத்தை மாற்றுகிறார்கள். ராக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டவன் வேலை பார்க்கத் தொடங்குகிறார். கடைசியில் ராக்தான் ஜெயிக்கிறார், பேசி வைத்தபடி. ஆனால் மறுபடியும் தோற்றவருக்கே வரவேற்பு.

ஹோகனை எனக்கு அதிகம் பிடிக்காது, ஆனாலும் அந்தப் போட்டியில் மயிர்க்கூச்செறிகிறது.

ஜூன் 11

நேற்று முழுக்க ராண்டி சாவேஜ். இவரைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

முதலில் 1987 ரெசில்மேனியா 3, ரிக்கி ஸ்டீம்போட். பான்டியாக் சில்வர்டோமில் 93,173 பேர் என்று அறிவித்த நாள், ஹோகன் ராட்சத உடம்புக்கார ஆந்த்ரேயைத் தூக்கிப் போட்டதைத்தான் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்தப் போட்டியை இன்று பார்த்தால் ஆந்த்ரேயின் முதுகு வலி நமக்கே தெரிகிறது, அவர் ஒவ்வொரு தடவை குனிவதும் சங்கடமாக இருக்கிறது. அன்று ஓடி ஓடி வேலை செய்தது சாவேஜும் ஸ்டீம்போட்டும். சாவேஜ் அந்தப் போட்டியை அடிக்கு அடி காகிதத்தில் எழுதி வைத்து, ஸ்டீம்போட்டிடம் மனப்பாடம் ஒப்பிப்பது போல ஒப்பிக்கச் சொல்லி, தானும் ஒப்பிப்பாராம். அந்தக் காலத்தில் அப்படி யாரும் செய்வது வழக்கமில்லை, ரிங்கில் நின்று பேசிக்கொண்டே ஆட்டத்தை ஓட்டுவார்கள். அதைத் தெரிந்துகொண்டு பார்த்தேன், எழுதி வைத்தது எங்கேயாவது துருத்திக்கொண்டு தெரிகிறதா என்று. தெரியவில்லை. முதல் நொடியிலிருந்து இருவரும் ஏதோ தீப்பிடித்த வீட்டிலிருந்து சாமான் எடுக்கிற வேகத்தில் இருக்கிறார்கள். பெல்ட்டோடு வந்து, பதினைந்து நிமிடத்துக்குள் இழந்துவிட்டுப் போகிறவர் சாவேஜ். தான் தோற்கிற போட்டிக்கு இவ்வளவு உழைத்திருக்கிறார் அந்த மனுஷன்.

அடுத்து 1991 மார்ச் 24, ரெசில்மேனியா 7, அல்டிமேட் வாரியர். தோற்பவர் தொழிலை விட வேண்டும் என்ற நிபந்தனை. வாரியர் பெரிய ஆட்டக்காரர் இல்லை, அது ஊரறிந்தது. வழக்கமாக ஓடி வருகிறவர் அன்று நடந்து வந்தார், அந்த ஒன்றிலேயே இது வேறு மாதிரி என்று தெரிந்துவிடும். சாவேஜ் மேலே ஏறி முழங்கையோடு குதிக்கிறார், ஒரு தடவை இல்லை, ஐந்து தடவை. ஒன்றே போதும் என்று அத்தனை வருடம் நமக்குப் பழக்கி வைத்த அடி அது. வாரியர் எழுந்துவிடுகிறார். அப்போது சாவேஜின் முகம்! தன்னிடம் இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது என்று ஒரு மனிதனுக்குப் புரிகிற முகம். பிறகு வாரியர் மூன்று தடவை தோளால் இடித்து வீழ்த்தி, நெஞ்சில் ஒரு காலை வைத்து நின்று ஜெயிக்கிறார்.

அதற்கு மேல்தான் கதையே. தோற்றுக் கிடக்கிறவரை அவருடைய மேனேஜர் ஷெரியே உதைக்கிறார். ரிங் ஓரத்தில் உட்கார்ந்திருந்த, சாவேஜின் பழைய மேனேஜரும் காதலியுமான எலிசபெத் ஓடி வந்து ஷெரியின் முடியைப் பிடித்து வெளியே எறிகிறார். 1989இலிருந்து பிரிந்திருந்தவர்கள். சாவேஜ் மெல்ல எழுந்து, யாரென்று தெரியாமல் பார்த்து, புரிந்து, கட்டிக்கொள்கிறார். கேமரா கூட்டத்தைக் காட்டுகிறது, பெரியவர்கள் அழுகிறார்கள். நானும் சிறு வயதில் அழுதேன், நேற்றும் அழுதேன்.

ஜூன் 12

திருத்தம். எலிசபெத் ரிங் ஓரத்தில் இல்லை. பார்வையாளர் இருக்கைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார், கேமரா போட்டி தொடங்கும் முன்பே அவரைக் காட்டிவிடுகிறது. இது சின்ன விஷயம் இல்லை. ரிங் ஓரம் அவருடைய பழைய இடம். அங்கே நிற்க அன்று அவருக்கு உரிமை கிடையாது. டிக்கெட் வாங்கி வந்தவர்களைப் போலத் தூரத்தில் உட்கார்ந்திருந்ததால்தான் அந்த ஓட்டம் அவ்வளவு நீளமாக இருக்கிறது.

நேற்று எழுத விட்டுப்போன இன்னொன்று, கயிறு. அத்தனை வருடமும் சாவேஜ் உள்ளே வரவும் வெளியே போகவும் கயிற்றைப் பிடித்து விலக்கிக் கொடுத்தவர் எலிசபெத். அன்று அவர் வழக்கம் போலக் கயிற்றைப் பிடிக்கப் போகிறார், சாவேஜ் தடுத்து, தானே கயிற்றை விலக்கிப் பிடித்து, முதலில் அவரைப் போகச் சொல்கிறார். வசனம் கிடையாது. ஐந்தாறு வருடக் கதையின் முடிச்சு ஒரு கயிற்றில் அவிழ்கிறது.

நிஜத்தில் இருவரும் 1984 டிசம்பரிலேயே கணவன் மனைவி. கதையில் கல்யாணம் 1991 ஆகஸ்டில், சம்மர்ஸ்லாமில். நிஜத்தில் 1992இல் விவாகரத்து. அந்தத் தேதிகளை வைத்துக்கொண்டு அந்தக் கட்டியணைப்பைப் பார்த்தால் எது நடிப்பு எது இல்லை என்று என்னால் பிரிக்க முடியவில்லை. பிரிக்க எனக்கு ஆசையும் இல்லை.

எண்ணிப் பார்த்தேன். ஆஸ்டின், ஹோகன், இரண்டு தடவை சாவேஜ். இதுவரை நான் எழுதிய பெரிய போட்டிகளில் மனத்தில் நிற்பது தோற்றவரே. யார் ஜெயிப்பார் என்று பேசி வைத்துவிட்டார்கள் என்றால் யார் தோற்பார் என்றும் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார் என்றுதானே அர்த்தம்? ஒப்புக்கொண்டபின் அதை எப்படிச் செய்கிறார் என்பதில்தான் என் கண் இப்போது போகிறது.

ஜூன் 15

1998 ஜூன் 28, பிட்ஸ்பர்க், அண்டர்டேக்கர் - மேன்கைண்ட் (மிக் ஃபோலியின் ரிங் பெயர்) மோதிய ஹெல் இன் எ செல் கூண்டுப் போட்டி பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்டால், பார்க்க முடியவில்லை. சிறு வயதில் அந்த விழுதலை ஓட்டி ஓட்டிப் பார்த்தவன் நான். பதினாறு அடி உயரக் கூண்டின் உச்சியிலிருந்து ஃபோலி மேசை மேல். அது அவர்கள் பேசி வைத்தது. இரண்டாவது, கூண்டின் மேல்பலகை பிய்ந்து உள்ளே விழுந்தது பேசி வைத்தது இல்லை. நாற்காலியும் கூடவே விழுந்து முகத்தில் அடித்தது. இதைத் தெரிந்துகொண்டபின் அந்தச் சிரிப்பைப் பார்த்தால், உதட்டுக்குக் கீழே கிழிந்து, பல் போய், அப்போதும் சிரிக்கிறார், வயிறு பிசைகிறது. போன சனிக்கிழமை போட்டேன், முதல் விழுதலோடு நிறுத்திவிட்டேன்.

1999 ராயல் ரம்பிள் அதைவிடக் கொடுமை. மிக் ஃபோலியின் கைகள் பின்னால் விலங்கிட்டிருக்க, ராக் நாற்காலியால் தலையில் பதினொரு அடி. முன்வரிசையில் ஃபோலியின் மனைவியும் சின்னக் குழந்தைகளும். அந்தக் குழந்தைகள் கத்தி அழுவதை ஒரு ஆவணப்படத்தில் பார்த்ததிலிருந்து அந்தப் போட்டியை நான் தொடவில்லை. தோற்பதில் ஒரு கலை இருக்கிறது என்று மேலே எழுதினேனே, இதை அதில் சேர்க்க மாட்டேன். ஃபோலியின் துணிச்சல் மேல் எனக்கு மரியாதை குறையவில்லை. ஆனால் அந்தத் தலையில் விழுந்த அடி எதுவும் நடிப்பு இல்லை.

ஜூன் 16

கனம் குறைய ஒரு மனக்குறையைக் கொட்டிவிடுகிறேன். 1997 டிசம்பர் 28, ஸ்டார்கேட். ஸ்டிங் ஒரு வருடத்துக்கு மேல் பேசாமல், முகத்தில் வெள்ளைச் சாயத்தோடு அரங்கின் உச்சியில் நின்று ஹோகனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவ்வளவு பொறுமையான கதை. திட்டப்படி முடிவில் நடுவர் ஏமாற்றி வேகமாக எண்ண வேண்டும், பிரெட் ஹார்ட் வந்து அதைத் தடுக்க வேண்டும். மறுபடி பார்த்தேன், மூன்று தடவை. எண்ணிக்கை வேகமாக இல்லை! சாதாரணமாகத்தான் எண்ணுகிறார், ஸ்டிங் சாதாரணமாகத்தான் தோற்கிறார். ஒரு வருடக் கதை மூன்று நொடியில் போச்சு. இன்னும் ஆறவில்லை எனக்கு.

ஜூன் 21

கடைசியாக வைத்திருந்தது பிரெட்டின் தம்பி ஓவன் ஹார்ட். அண்ணன் தம்பிக் கதை, அதனால் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

1993 சர்வைவர் சீரீஸில் ஹார்ட் சகோதரர்கள் நால்வரும் ஒரே அணி. வெளியேறியவர் ஓவன் மட்டும், அதுவும் பிரெட்டோடு தவறுதலாக மோதியதால். 1994 ராயல் ரம்பிளில் இருவரும் ஜோடி, பிரெட்டுக்கு முழங்கால் போய்விட்டது, தம்பி கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான், தொட்டு மாற்றிக்கொள்ளாமல் பிரெட் தானே ஷார்ப்ஷூட்டர் போடப் போகிறார். நடுவர் போட்டியை நிறுத்திவிட்டார். ஓவன் அண்ணனின் அடிபட்ட காலையே உதைத்தார். சிறு வயதில் அந்த உதைக்காக ஓவனை வெறுத்தேன். தம்பியாகப் பிறந்த நானே வெறுத்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது அந்த நீட்டிய கை மட்டும்தான் கண்ணில் படுகிறது.

1994 மார்ச் 20, ரெசில்மேனியா 10, முதல் போட்டி. ஓவன் ஒவ்வொரு சின்ன வெற்றிக்கும் கையைத் தூக்கிக் கொண்டாடுகிறார், பிரெட்டுக்கு அடிக்கவே மனசில்லை. இருபது நிமிடம் கழித்து பிரெட் தோளில் ஏறி உருண்டு வீழ்த்தப் பார்க்க, ஓவன் அப்படியே உட்கார்ந்து மேலே அழுத்திவிடுகிறார். ஒன்று, இரண்டு, மூன்று. சூழ்ச்சி கிடையாது, யாரும் தலையிடவில்லை, நாற்காலி இல்லை. அண்ணன் தன் தோளைத் தரையில் வைத்துத் தம்பிக்கு முழுசாகக் கொடுத்த வெற்றி அது. அந்த இரவுக்கு முன் ஓவன் யாரோ, அதற்கு அப்புறம் அவரை யாரும் அப்படிச் சொல்ல முடியாது.

இரவின் முடிவில் பிரெட் யோகோசூனாவை வென்று மறுபடி சாம்பியன். மற்ற வீரர்கள் வந்து தோளில் தூக்குகிறார்கள். ஓவன் நடைபாதையில் வந்து நின்று பார்க்கிறார். காலையில் அண்ணனை ஜெயித்தவனுக்கு இரவில் நிற்க இடம் அந்த நடைபாதைதான். பிரெட்டும் மேலிருந்து அவரைப் பார்க்கிறார். 1999 மே 23, கான்சாஸ் சிட்டியில் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கும்போது விழுந்து ஓவன் இறந்துபோனதை இந்தக் காட்சியிலிருந்து என்னால் ஒதுக்க முடியவில்லை.

"காலையில்" என்று எழுதிவிட்டேன், இரண்டும் ஒரே நிகழ்ச்சி, சில மணி நேர இடைவெளிதான்.

போட்டியை அண்ணனுக்கு அனுப்பினேன். ஒன்றரை மணிக்குக் கூப்பிட்டான். "ஓவன் பக்கம் நியாயம் இருந்திருக்குடா, அப்போ எனக்குத் தெரியல" என்றான். ஆஸ்டின் வாயைத் திறக்கவே இல்லை என்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் கூண்டுப் போட்டியைப் பற்றிக் கேட்டான், 1994 சம்மர்ஸ்லாம், பிரெட்டும் ஓவனும். அதை நான் இன்னும் பார்க்கவில்லை, ஞாயிறு அவனோடு சேர்ந்து பார்க்கிறேன்.